உறுப்பினர் ரபேல் கை தூக்கிய வரலாறு

உலோகம் தேடும் கருவியை வாங்கியவர் அதைக் கொண்டு முதலில் கண்டுபிடிப்பது, தம் வீட்டுப் பின்புறத்தில் இத்தனை ஆணி கிடக்கிறதா என்பதைத்தான். மலேசியாவில் உலு திராம் ஊர்க்காரரான ரபேல் மூன்றே நாளில் முப்பத்தொரு ஆணி, ஒரு சைக்கிள் மணி, காணாமல் போய்ப் பத்து வருடமான கேட்டுப் பூட்டு, இவை தவிர டின் பானம் திறக்கும் வளையங்கள் ஒரு வாளி நிறையத் தோண்டி எடுத்தார். அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதா என்று அக்கறையாக விசாரித்தார்.

ரபேலுக்கு அறுபத்தாறு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்ந்தவர். இருதயத்தில் மூன்று அடைப்பு இருப்பதாகவும், பிப்ரவரி இருபதாம் தேதி நெஞ்சைத் திறந்து சரிசெய்வதாகவும் ஜொகூர் பாருவில் டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். நெஞ்சைத் திறக்க நாள் குறித்த மனிதர் புதிதாக ஒரு பொழுதுபோக்கைத் தொடங்கியதற்குக் காரணம் அவருடைய மனைவி சூசையம்மாள்.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, இருவரும் பெக்கோக் பக்கத்தில் சூசையம்மாள் பிறந்த ரப்பர் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். அந்தத் தோட்டத்தில் இப்போது தமிழர்கள் கல்லறையில் மட்டும்தான் இருக்கிறார்கள். அம்மாவின் கல்லறையைச் சுற்றி இடுப்பளவு லாலான் புல் வளர்ந்திருந்தது. சூசையம்மாள் குனிந்து இரண்டு கையாலும் பிடுங்கினார். வீட்டுக்கு வந்து குளிக்கப் போனபோதுதான் சங்கிலி அறுந்து ரவிக்கைக்குள் கிடப்பது தெரிந்தது. அதில் தொங்கிய தாலியைக் காணோம். சிறகு விரித்த சின்னத் தங்கப் புறா, முதுகில் 'ர.சூ. 84' என்று பொற்கொல்லர் கீறிய எழுத்து. ரபேல், சூசையம்மாள், கல்யாண வருடம்.

அறுவைச் சிகிச்சைக்கான சம்மதப் பாரத்தில் நோயாளி கையெழுத்துக்குக் கீழே மனைவியின் கையெழுத்துக்கும் ஒரு கோடு போட்டிருந்தார்கள். சூசையம்மாள் அந்தக் கோட்டைப் பார்த்தார். பாரத்தை மடித்துத் தம் பைபிளுக்குள் வைத்துவிட்டார்.

"தாலி கெடைக்கட்டும். அப்புறம் போடறேன்."

"டாக்டரு தேதி குடுத்துட்டாங்க சூசை."

"வெறுங்கழுத்தோட கையெழுத்துப் போட்டு உங்கள உள்ள அனுப்பிட்டு, வெளிய உக்காந்து நான் என்னத்த ஜெபிக்கிறது?"

ரபேல் நேரே கோயிலுக்குப் போனார். பங்குச் சாமியாரைக் கூட்டி வந்தார். தாலி வெறும் அடையாளம்தான், பரிசுத்த ஆவி தங்கத்தில் இல்லை என்று சாமியார் பொறுமையாக எடுத்துச் சொன்னார். சூசையம்மாள் அவருக்குக் கோப்பி கலந்து கொடுத்து, "சாமி, உங்களுக்குக் கல்யாணம் ஆகல" என்றார். சாமியார் கோப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் போன பின் சூசையம்மாள் ஒரு மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதார்.

அதன் பிறகுதான் சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் அட்ரியன் கருவியை வாங்கி வந்தான்.

"கல்யாண மோதிரத்தக் கழட்டி மண்ணுல பொதைங்கப்பா. அது மேல இந்தத் தட்ட மெதுவா ஆட்டுங்க. அந்தச் சத்தத்த மனசுல வச்சுக்குங்க. டின் வளையமும் ஏறக்குறைய அப்படித்தான் கத்தும். அதனால சின்னச் சத்தம், குப்பைன்னு விட்டுடாதீங்க. எல்லாத்தையும் தோண்டணும்."

ரபேல் புதைத்தார், ஆட்டினார். மோதிரம், சளி பிடித்த ஆள் தூரத்திலிருந்து கூப்பிடுவது போல ஒரு மூக்கடைப்புச் சத்தம் போட்டது. தாலியும் மோதிரமும் ஒரே பொற்கொல்லர் செய்தவை. அந்தச் சத்தத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டு, நெஞ்சு வலிக்கான மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ரபேல் பெக்கோக் போனார்.

தோட்டத்து மேனேஜர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "தனி ஆளா மிஷினோட உள்ள போனா நாளைக்கே பொதையல்னு கெளப்பிவிடுவாங்க இங்க வேல செய்யற பாய்ங்க. பதிவு பண்ண சங்கத்துலேர்ந்து சூராட் கொண்டாங்க அங்கிள். ஒரே ஒரு கடுதாசி. அப்புறம் எங்க வேணா தோண்டுங்க லா."

ஒரே ஒரு கடிதம்தானே என்று ரபேல் நினைத்தார். சங்கங்களைப் பற்றி அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

அப்படி ஒரு சங்கம் ஜொகூர் பாருவில் இருந்தது. ஒரு கடைவீட்டின் மேல்மாடியில், 'ஜொகூர் மாநிலத் தமிழர் நிலத்தடி உலோகத் தேடல் பண்பாட்டு நற்பணிச் சங்கம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். பலகை மாடியை விட நீளமாக இருந்ததால் 'நற்பணிச் சங்கம்' மட்டும் பக்கத்துக் கடையின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. சங்கம் தோன்றி ஏழு வருடம். இந்த ஏழு வருடத்தில் அது ஒரு குண்டூசியைக்கூடத் தோண்டி எடுத்ததில்லை. விழா மட்டும் பதினொன்று நடத்தியிருந்தது. ஒவ்வொரு விழாவின் படமும் சுவரில் தொங்கியது. எல்லாப் படத்திலும் யாரோ யாருக்கோ பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் விசுவலிங்கம் ரபேல் நிரப்பிக் கொடுத்த உறுப்பினர் பாரத்தை வாங்கிப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். "குணாளன்! இங்க வாங்க. உறுப்பினர் வந்திருக்காரு!"

செயலாளர் குணாளன் ஓடி வந்து ரபேலின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. சங்கத்தில் இருபத்து மூன்று பொறுப்பாளர்கள் இருந்தார்கள். தலைவர், துணைத் தலைவர், உதவித் தலைவர் மூவர், மூத்த ஆலோசகர், இளைய ஆலோசகர், கொடி ஏற்றுநர், கொடி இறக்குநர் என்று போயிற்று அந்தப் பட்டியல். உறுப்பினர் மட்டும் ஒருவரும் இல்லை.

"போன வருஷம் வரைக்கும் ஒருத்தர் இருந்தாரு" என்றார் குணாளன். "நல்ல மனுசன். அவரையும் உதவித் தலைவராக்கிட்டோம். அப்புறம்தான் சட்டவிதியப் படிச்சோம். பொதுக்கூட்டத்துல தீர்மானம்னா சாதாரண உறுப்பினர் கை தூக்கணுமாம். பொறுப்பாளர் தூக்கினா செல்லாதாம். பிப்ரவரி இருபதுக்குள்ள பொதுக்கூட்ட அறிக்கைய அனுப்பலன்னா பதிவு போயிரும். கடவுள் பாத்து உங்கள அனுப்பியிருக்காரு."

"எனக்கு ஒரு சூராட் மட்டும்..." என்று ரபேல் விஷயத்தைச் சொன்னார். தாலி, கல்லறை, பாரம், பிப்ரவரி இருபது. தலைவர் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டு முடித்து, "சொந்த மிஷின் இருக்கா?" என்றார்.

இருந்தது, கார் பூட்டில். அதை மேலே கொண்டுவந்தபோது பொறுப்பாளர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். இப்படி ஒரு பொருளை அவர்களில் யாரும் நேரில் பார்த்ததில்லை என்பது ரபேலுக்கு அப்போது புரியவில்லை. கருவியைப் பதிவு செய்ய வேண்டும், தொடக்க விழா நடக்கும்வரை அது சங்கத்தின் பாதுகாப்பில் இருக்க வேண்டும் என்று தலைவர் சொன்னார். கருவி அலமாரிக்குள் போயிற்று. அலமாரிச் சாவி தலைவரின் பாக்கெட்டுக்குள் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடிப்படைப் பயிற்சி. கருவியைத் திறக்கக் கூடாது என்பதால், ஒரு துடைப்பக் கட்டையின் முனையில் பிளாஸ்டிக் வாளி மூடியைக் கட்டிப் பயிற்சி நடந்தது. உறுப்பினர் ஒருவருக்குப் பயிற்சியாளர் ஆறு பேர். நாட்டுப் பண், தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து கட்டை ரபேலின் கைக்கு வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் லோகேஸ்வரன் பாடம் நடத்தினார்.

"சத்தத்துல ரெண்டு வகை. உயர்ந்த சத்தம், தாழ்ந்த சத்தம். உயர்ந்த சத்தம் கேட்டா தோண்டணும். தாழ்ந்த சத்தம் கேட்டா நடந்துக்கிட்டே இருக்கணும். அது குப்பை. குப்பையத் தோண்டறது சங்கத்துக்குக் கௌரவம் இல்ல."

"தங்கமே தாழ்ந்த சத்தம்தாங்க போடுது" என்றார் ரபேல். "வீட்டுல மோதிரத்த வச்சுப் பாத்தேன்."

லோகேஸ்வரன் சிரித்தார். மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். "அது உங்க மோதிரம் லா" என்றார் லோகேஸ்வரன். துடைப்பக் கட்டை எந்தச் சத்தமும் போடாததால் பயிற்சி வெற்றி என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதப்பட்டது. ரபேலுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். படியிறங்கும்போது நெஞ்சை அடைத்தது. பாதிப் படியில் உட்கார்ந்து நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துக்கொண்டார்.

கடிதம் கொடுப்பதென்று டிசம்பரிலேயே முடிவாகிவிட்டது. கருவிக்குத் தமிழில் பெயர் மட்டும்தான் பாக்கி.

அதற்குக் கலைச்சொல் குழு கூடியது. 'உலோகம்' வடசொல் என்பதால் 'மாழை' என்று மாற்ற ஒரே மனதாக முடிவாயிற்று. பிறகு அந்த ஒரே மனது இரண்டாகப் பிளந்தது. கருவி மண்ணுக்குள் இருப்பதை உணர்கிறது, ஆகவே 'மாழையுணரி' என்றார் தலைவர். உணர்ந்ததை நமக்குக் காட்டுகிறது, ஆகவே 'மாழைகாட்டி' என்றார் லோகேஸ்வரன். உணரிக்காரர்கள் சன்னல் பக்கமும், காட்டிக்காரர்கள் கதவுப் பக்கமும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஐந்து வாரம் போயிற்று. சூசையம்மாளின் மஞ்சள் கயிறு வெளுக்கத் தொடங்கியிருந்தது. அவர் இரவில் எழுந்து, ரபேல் மூச்சு விடுகிறாரா என்று கை வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அவர் பார்ப்பது ரபேலுக்குத் தெரியும். தூங்குவது போலவே படுத்திருப்பார்.

"உறுப்பினர் சொல்லட்டும்" என்று ஒருநாள் தலைவர் முடிவெடுத்தார். "மிஷின் வச்சிருக்கிறவரு. சொல்லுங்க ரபேல், அது உணருதா, காட்டுதா?"

"அது கத்துதுங்க" என்றார் ரபேல். "தலைவரே, சூராட் எப்படியும் மலாயிலதான எழுதப் போறீங்க?"

கடிதம் மலாயில்தான் என்பது இருபத்து மூன்று பேருக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தலைவர் முதலில் சமாளித்துக்கொண்டார். "மலாயில எழுதினாலும் தமிழ் உணர்வோட எழுதணும்ல?" என்றார். பெயரைப் பொதுக்கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்று தள்ளிவைத்து, கடிதத்தில் ஒருவழியாகக் கையெழுத்திட்டார். அதில் இருந்தது ரபேல் கேட்ட அனுமதி அல்ல. ஜனவரி கடைசி ஞாயிறன்று தோட்டத்துக் கல்லறைத் திடலில் தொடக்க விழா நடத்த அனுமதி.

விழாவுக்கு ஒரு டான்ஸ்ரீயை, அரசாங்கப் பட்டம் வாங்கிய பிரமுகரை, அழைத்திருந்தார்கள். டான்ஸ்ரீ வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பதற்காக, குணாளன் தம் வீட்டுச் சாமி அறைக் குத்துவிளக்கைக் கொண்டுவந்து, திடலின் நடுவில் ஒரு முழ ஆழத்தில் புதைத்து, அந்த இடத்தில் சின்னக் கொடி ஒன்றை நட்டார். டான்ஸ்ரீ கருவியோடு கொடி வரை நடப்பார், உயர்ந்த சத்தம் கேட்கும், தோண்டுவார், வரலாறு வெளிப்படும். நிகழ்ச்சி நிரலில் 'வரலாறு வெளிப்படுதல்: காலை மணி 10.15' என்று அச்சிட்டிருந்தது.

வரலாறு பன்னிரண்டு மணி வரை வரவில்லை, ஏனென்றால் டான்ஸ்ரீ வரவில்லை. அவர் வரும்வரை தலைவர் பேசினார்.

"தோழர்களே, மண்ணுக்கு அடியில என்ன இருக்குங்கறது முக்கியமில்ல. மண்ணுக்கு மேல யாரு நிக்கறாங்க, எந்த வரிசையில நிக்கறாங்கங்கறதுதான் முக்கியம். இந்தச் சங்கத்துல நான் ஏழு வருஷமா தலைவரா இருக்கேன்னா, பதவி ஆசையினால இல்ல. வேற யாரும் கேக்காத மாதிரி பாத்துக்கிட்டேன், அவ்வளவுதான்!"

கைதட்டினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. மாமியார் கல்லறைக்குப் பக்கத்தில் ரபேலை நிற்கவிடவில்லை. உறுப்பினர்களுக்கான இடம் என்று கயிறு கட்டி ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். சூசையம்மாள் வரவில்லை. கிடைக்காமல் திரும்பி வர அவருக்குத் தெம்பில்லை.

கடைசியில் டான்ஸ்ரீ வந்தார், மாலையேற்றார், ஒலிவாங்கியைப் பிடித்தார். "இந்த எஸ்டேட்ட எனக்கு மறக்கவே முடியாது. கம்பெனிக்காரங்க ஆளுங்கள வெளியாக்கினப்ப, எங்க சனம் எங்க போவும்னு நான் ராத்திரியெல்லாம் தூங்கல. காலையில நான்தான் முன்ன நின்னு லாரி ஏற்பாடு பண்ணினேன். ஒரே நாள்ல அத்தன குடும்பத்தையும் ஏத்தி அனுப்பினோம். அந்தச் சேவைக்குத்தான் எனக்கு மொதப் பட்டம் குடுத்தாங்க." அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த லாரி ஒன்றில்தான் சூசையம்மாளின் அம்மா தம் ஆட்டுக்கல்லோடு போனார். செத்த பிறகுதான் திரும்பி வந்தார். ரபேல் கைதட்டவில்லை.

ரபேலின் கருவியை அலமாரியிலிருந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு எடுத்துக் குங்குமம் வைத்து டான்ஸ்ரீயிடம் கொடுத்தார்கள். கொடி திடல் நடுவில், வெயிலில் இருந்தது. நிழல் கல்லறைப் பக்கம் இருந்தது. டான்ஸ்ரீ மக்கள் தலைவராக இருந்து பழகியவர், நிழலைப் பார்த்து நடந்தார்.

"டான்ஸ்ரீ, இந்தப் பக்கம்... கொடி..." என்று குணாளன் கெஞ்சினார்.

மாமியார் கல்லறையின் தலைமாட்டில் கருவி ஒரு மூக்கடைப்புச் சத்தம் போட்டது.

"தாழ்ந்த சத்தம் டான்ஸ்ரீ. குப்பை. நீங்க வாங்க" என்றார் லோகேஸ்வரன்.

ரபேல் கயிற்றைத் தாண்டி ஓடினார். ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது அவருக்கு நினைவே வரவில்லை. முழங்கால் போட்டு உட்கார்ந்து விரலாலேயே பறித்தார். இரண்டு அங்குலம்கூடப் போகவில்லை, புல்வேருக்குள் புறா சிக்கிக் கிடந்தது. அதை உள்ளங்கையில் வைத்துத் துடைத்தார். "கெடச்சிருச்சு... சூசை, கெடச்சிருச்சு" என்று சின்னப் பிள்ளை போல அழுதார்.

படக்காரர்கள் திரும்பினார்கள். தலைவர், "காட்டுங்க" என்று கையை நீட்டினார். அவரிடம் காட்டியதுதான் ரபேல் செய்த தப்பு.

தலைவர் அதை லோகேஸ்வரனிடம் நீட்டினார். லோகேஸ்வரன் பூதக்கண்ணாடியை எடுத்தார். அந்தக் கண்ணாடியை ஏழு வருடமாகப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தவர் அவர். இப்படி ஒரு நாள் வருமென்று அவர் ஒருவர்தான் நம்பினார்.

"அன்னப் பறவை" என்றார். "பின்னால எழுத்து. 'ர'. பக்கத்துல ஒரு துணைக்கால் இருந்திருக்கணும், காலம் தின்னுருச்சு. ஆகவே 'ரா'. அடுத்தது 'சூ'. 'சோ'வோட பழைய வடிவம். ரா.சோ. டான்ஸ்ரீ... ராஜேந்திர சோழன்!"

"எண்பத்து நாலுன்னு இங்கிலீசு நம்பர் போட்டிருக்கே?" என்று யாரோ கேட்டார்கள்.

"எவ்வளவு முற்போக்கான அரசர் பாருங்க" என்றார் லோகேஸ்வரன்.

"ஐயா, அது புறாங்க. நாங்க வேதக்காரங்க. அது என் பெஞ்சாதி தாலி" என்றார் ரபேல்.

"உறுப்பினர் உணர்ச்சிவசப்பட்டுட்டாரு" என்று தலைவர் ஒலிவாங்கியில் அறிவித்தார். டான்ஸ்ரீ புறாவைக் கண்டெடுத்ததாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். குத்துவிளக்கை எல்லாரும் மறந்துபோனார்கள். அது இன்னமும் அந்தத் திடலில்தான் இருக்கிறது. குணாளன் வீட்டில் அகல் விளக்கு எரிகிறது.

அன்று சாயங்காலம் ரபேல் வீட்டு வாசலில் நின்று, "கெடச்சிருச்சு சூசை" என்றார். பிறகு, "ஆனா கெடைக்கல" என்றார். சூசையம்மாள் நடந்ததையெல்லாம் கேட்டார். அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ரபேல் கல்யாணப் படத்தைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு சங்கத்துக்குப் போனார். படத்தில் சூசையம்மாளின் கழுத்தில் புறா தெளிவாகவே தெரிந்தது. லோகேஸ்வரன் அதை வெகுநேரம் பார்த்தார். "அருமையான சான்று. சோழர் சின்னம் ஆயிரம் வருஷத்துக்கு அப்புறமும் நம்ம மக்கள் மத்தியில வழக்கத்துல இருந்திருக்கு" என்று படத்தையும் வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார். புறாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டும் என்றார் தலைவர். அதுவரை அரிய பொருளின் பாதுகாப்பைக் கருதி, அதைத் தம் பதவிச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தார். குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லையாம்.

பிப்ரவரி பத்தொன்பது பகல். ரபேல் வார்டில் படுத்திருந்தார். மறுநாள் காலை ஏழரைக்கு அறுவை. இடக்கையில் ஊசி ஏற்றிக் குழாய் மாட்டியிருந்தார்கள். தாதி கோமளா மூன்றாவது தடவையாக வந்து, "அம்மா, பாரம் இன்னும் சைன் பண்ணலயே. டாக்டர் கேக்கறாங்க" என்றாள். சூசையம்மாள் பைபிளை மடியில் வைத்து, அதன் மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"சூசை, நான் செத்துப் போனாலும் பரவால்லயா?" என்றார் ரபேல்.

"அதுக்குப் பயந்துதான போடாம உக்காந்திருக்கேன்" என்றார் சூசையம்மாள்.

அந்த நேரத்தில் வார்டுக் கதவு திறந்தது. முதலில் ஒரு பதாகை வந்தது. 'ஏழாம் ஆண்டுப் பொதுக்கூட்டம்' என்று அதில் போட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு குணாளனும் லோகேஸ்வரனும், பின்னால் பழக்கூடையோடு தலைவர் விசுவலிங்கமும் வந்தார்கள். பதாகையை ஊசி மருந்துக் கம்பியில் கட்டினார்கள்.

"ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேர்தான்" என்றாள் கோமளா.

"நாங்க பார்வையாளர் இல்லம்மா, பொறுப்பாளர்" என்றார் தலைவர். "ரபேல், பதிவிலாகாவுக்கு நாளைக்குக் கடைசி நாள். உங்களுக்கும் நாளைக்குத்தான்... அதாவது, நாளைக்கு நீங்க வேலையா இருப்பீங்க. அதான் நாங்களே வந்துட்டோம். ரெண்டே தீர்மானம். ஒண்ணு, மிஷினுக்கு 'மாழையுணர்காட்டி'ன்னு பேரு; ரெண்டு பக்கமும் விட்டுக்குடுத்துட்டோம். ரெண்டு, இந்த அன்னத்தச் சங்கத்தோட நிரந்தரச் சின்னமாக்கறது. கைய மட்டும் தூக்குங்க, போதும்."

"தாலியக் குடுங்க, தூக்கறேன்."

"குடுக்கறதுன்னா அதுக்கு ஒரு தீர்மானம் வேணும். நிகழ்ச்சி நிரல்ல இல்லாதத எடுக்க முடியாது. மொதல்ல கைய தூக்குங்க, அடுத்த வருஷக் கூட்டத்துல சேத்துக்கலாம்."

சூசையம்மாள் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை அல்ல, கழுத்தை. சந்தன நிறச் சட்டைக்கு மேல், அகலச் சங்கிலியின் நடுவில் புறா ஆடிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் கழித்து இப்போதுதான் அதைப் பார்க்கிறார். எழுந்தார். பைபிளுக்குள் இருந்த பாரத்தை எடுத்தார். பிரித்துத் தலைவரிடம் நீட்டினார்.

"இந்தாங்க. போடுங்க."

பாரம் என்று எதை நீட்டினாலும் பேனாவை எடுப்பது தலைவரின் ஏழு வருடப் பழக்கம். மூடியைக் கழற்றிவிட்டுத்தான் கேட்டார். "எங்கம்மா?"

"'மனைவி'ன்னு ஒரு கோடு இருக்கு பாருங்க. அங்க."

"நான் எப்படிம்மா அங்க..."

"அது இவரு கட்டின தாலி. இவரு பேரு போட்ட தாலி. மூணு வாரமா உங்க கழுத்துல கெடக்கு. குளிக்கறப்பக்கூட கழட்டலன்னு கேள்விப்பட்டேன். நான்கூட அவ்வளவு ஒழுங்கா போட்டதில்ல." சூசையம்மாளின் குரல் உயரவில்லை. "தாலி யாரு கழுத்துல இருக்கோ அவங்கதான பொண்டாட்டி? போடுங்க கையெழுத்து. நாளைக்கு அவர உள்ள அனுப்பிட்டு வெளிய உக்காந்து நீங்களே அழுங்க. அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்களே அறுத்துக்குங்க."

எதிர்க் கட்டில் சீனக் கிழவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தலைவரின் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். கோமளா திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. லோகேஸ்வரன் தலைவரிடமிருந்து ஓரடி தள்ளி நின்றார். தலைவர் சங்கிலியைத் தொட்டார். சுட்டது போல் கையை எடுத்தார். பிறகு யாரும் சொல்லாமலே, தலையில் சிக்கி இழுபட்டு, அவசர அவசரமாகக் கழற்றினார்.

சூசையம்மாள் புறாவைக் கோத்திருந்த வளையத்தைப் பல்லால் கடித்துப் பிரித்தார். சங்கிலியைப் பழக்கூடையில் போட்டார். கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றை அவிழ்த்துப் புறாவைக் கோத்தார். கட்டிலில் ரபேலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கயிற்றின் இரு முனையையும் தோளுக்கு மேலே பின்னால் நீட்டினார்.

"கட்டுங்க."

ரபேலால் உட்கார முடியவில்லை. கோமளா தாங்கிப் பிடித்தாள். குழாய் மாட்டிய கையையும் மாட்டாத கையையும் மெல்ல மேலே தூக்கினார்.

"தூக்கிட்டாரு!" என்று கத்தினார் குணாளன். "தலைவரே, உறுப்பினர் கை தூக்கிட்டாரு!"

"எத்தன கை?" என்றார் தலைவர். அவருக்கு உயிர் திரும்பியிருந்தது.

"ரெண்டு!"

"ரெண்டு தீர்மானம், ரெண்டு கை. ஏகமனதா நிறைவேறிருச்சு. எழுதுங்க."

குணாளன் எழுதினார். குழாய் தடுக்கியதால் ரபேலுக்கு முடிச்சு விழ நேரமாயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று. 'உறுப்பினர் திரு. ரபேல் இரு கைகளையும் உயர்த்தி, கண்ணீர் மல்க ஆதரித்தார்' என்று குறிப்பில் பதிவாயிற்று. சூசையம்மாள் பாரத்தைத் தலைவரின் கையிலிருந்து வாங்கி, தலைவரின் பேனாவாலேயே, கோட்டின் மேல் தம் பெயரை எழுதினார்.

மறுநாள் காலை ஏழரைக்கு ரபேலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடிய பின் சூசையம்மாள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் குணாளன் வந்தார். பக்கத்தில் தயங்கித் தயங்கி நின்றார். கையில் ஒரு காகிதம் இருந்தது.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பெரிய ஆப்பரேசன். ஒருவேள... அடுத்த வருஷப் பொதுக்கூட்டத்துக்கு... ஒரு பாதுகாப்புக்கு, நீங்களும் ஒரு உறுப்பினர் பாரம்..."

சூசையம்மாள் தாலியை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"அடுத்த வருஷமும் அவருதான் கை தூக்குவாரு. போங்க" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினார்.